வாயைக் கட்டி வண்டியில் ஏற்றாதீர்கள்

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூர். அங்கே இரண்டு ஏக்கர் நெல்லும் பதினாறு வெள்ளாடுகளும் வைத்துப் பிழைக்கிறது ஒரு குடும்பம். பெரியவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஆட்டுப்பட்டிக்குக் காவல், செவலை என்கிற நாட்டுப் பெட்டை நாய்தான். செவலை வருவதற்கு முன்பு ராத்திரியில் ஆடு காணாமல் போன வீடு அது. வந்த பிறகு எட்டு வருஷமாக ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

கோடையில் செவலையின் மடிக்காம்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. கோலிக்குண்டு அளவில் இருந்தது, இரண்டு மாதத்தில் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்துவிட்டது. உள்ளூர்க் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "இதை அறுத்துத்தான் எடுக்கணும். வேப்பேரிக்குக் கொண்டு போங்க" என்றார். வேப்பேரி என்றால் 1903ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. கவரைப்பேட்டையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் இருக்கும்.

மகனுக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து, சற்றுத் தூங்கி எழுந்து, பைக்கை எடுக்கும்போது மணி பதினொன்று. கத்திரி வெயில். செவலை அதுவரை எந்த வண்டியிலும் ஏறியதில்லை. காலி யூரியா சாக்கில் அதை இறக்கி, தலையை மட்டும் வெளியே விட்டு, கழுத்தோரம் சணலால் கட்டினார்கள். பயத்தில் கடித்துவிடப் போகிறதே என்று வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டினார் பெரியவர். சாக்கை மடியில் வைத்துக்கொண்டு மகனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நம் ஊர்ப்பக்கம் நாயையும் ஆட்டையும் இப்படித்தான் கொண்டு போகிறோம். அவர் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை.

தச்சூர் கூட்டுரோட்டில் பக்கத்தில் வந்த கன்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடித்தது. செவலை துள்ளியது, பைக் ஆடியது, சாக்கோடு கீழே விழுந்தது. சணல் அவிழ்ந்து, எழுந்து, பொன்னேரி ரோட்டுப் பக்கம் ஓடி மறைந்துவிட்டது. வாயில் துண்டு கட்டியபடியே ஓடியது.

மகன் ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "நாளைக்கு வந்து தேடலாம் நைனா" என்றார். பெரியவர் வீட்டுக்கு வரவில்லை. "வாயைக் கட்டி வுட்டுட்டேன்டா. அது தண்ணிகூட குடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். வயல் வரப்பு, கால்வாய், கல்வெர்ட்டு என்று இரவு முழுக்கத் தேடினார்.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. மனிதனைப்போல நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்துத்தான் அது தன் சூட்டை வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் வாயை இறுகக் கட்டினால் அந்த ஒரே வழியும் அடைபட்டுப்போகும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. வெயிலில் அது 104ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு செங்கல் சூளைக் கொட்டகையில் செவலை கிடைத்தது. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் அதன் வாய்க்கட்டை அவிழ்த்து, சட்டியில் தண்ணீர் வைத்திருந்தார். முன்னங்காலில் தோல் உரிந்திருந்தது. பெரியவரைக் கண்டதும் வாலை ஆட்டியது, ஆனால் கிட்டே வரவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்துப் பின்வாங்கியது. துண்டைத் தூக்கி எறிந்த பிறகுதான் வந்தது.

கட்டி அப்படியே இருந்தது. திரும்பவும் போயாக வேண்டும். இந்த முறை வழி சொன்னவர் அதே உள்ளூர் மருத்துவர்தான்.

ரயிலில் போகலாமா என்று முதலில் கேட்டார் பெரியவர். மின்சார ரயிலில் நாயை ஏற்றிக்கொண்டு போக முடியாது. தொலைதூர ரயில்களில் முதல் வகுப்பு ஏசியில் தனி அறையை முழுதாகப் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் கட்டணம் கட்டி அனுப்பலாம். நாற்பது கிலோமீட்டருக்கு அதெல்லாம் ஒத்துவராது. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய ஆம்னி வேன் முடிவானது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பயணம் தொடங்கிவிட்டது. வேனை வாசலில் நிறுத்தி, பின் சீட்டைக் கழற்றி, செவலைக்கு அதற்குள்ளேயே சோறு வைத்தார்கள். முதல் நாள் ஏறவில்லை. இரண்டாம் நாள் முன்னங்காலை வைத்தது. நான்காம் நாள் தானாக ஏறித் தின்றது. பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பழக்கினார்கள், கடைசியில் தெருமுனை வரை ஒரு சுற்று. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டினால், நாய் துள்ளும்போது சுருக்கு விழும். அதனால் மார்போடு சேரும் பட்டை வாங்கினார்கள். கயிறு, நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கிற அளவுக்கு இருக்கலாம், ஜன்னலுக்கு வெளியே எட்டுகிற அளவுக்குக் கூடாது. கடிக்கும் என்ற பயம் இருந்தால், சூடடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடை போடுவோமே, அதுபோல நாய்க்கும் கூடை வடிவ வாய்ப்பூட்டு கிடைக்கிறது. உள்ளே வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம்.

விலங்குகளை ஏற்றிச் செல்வது பற்றி 1978ஆம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகள், நாய்க்கும் பூனைக்கும் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு தீனியும் தண்ணீரும் கொடுக்கச் சொல்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் போவதென்றால் மட்டும் தீனி விஷயத்தில் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

காலை நாலரைக்குக் கிளம்பினார்கள். வேன் தரையில் வைக்கோல், அதன் மேல் வீட்டில் அது படுக்கிற பழைய சாக்கு. ஜன்னல்கள் பாதி திறந்திருந்தன. பெரியவர் கீழே, செவலையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தச்சூர் வந்தபோது அதன் உடம்பு நடுங்கியது. அவர் முதுகில் கையை வைத்தபடியே இருந்தார். காரனோடை தாண்டி ஓரமாக நிறுத்தி, வீட்டுக் கிண்ணத்திலேயே தண்ணீர் வைத்தார்கள். கதவைத் திறப்பதற்கு முன்பு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார் மகன். டீ குடிக்க இறங்கும்போதும் ஒருவர் வேனிலேயே இருந்தார். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறிவிடும். 'அஞ்சு நிமிஷம்தானே' என்று பூட்டிவிட்டுப் போகக்கூடாது.

கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தாலும், வெயில் தாழும்வரை மர நிழலில் காத்திருந்துதான் திரும்பினார்கள்.

வழியில் நாய்க்கு நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, கால் தள்ளாடினால் அது வெயில் தாக்கு. உடனே நிழலில் நிறுத்தி, அடிவயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் வேண்டாம். ஈரத் துணியால் உடம்பை மூடிச் சுற்றவும் வேண்டாம், சூடு உள்ளேயே தங்கிவிடும். குடிக்கச் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆட்டுக்கும் இதே கதைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015இல் வந்த திருத்தப்படி, ஏற்றிச் செல்லும்போது ஒரு ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர், ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஏழடி நீளம், ஐந்தடி அகலம் உள்ள குட்டியானையில் பத்து ஆடுகளுக்குத்தான் இடம். துன்பம் தரும் விதத்தில் விலங்குகளை ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அந்த ஆடியில் பெரியவர் சந்தையிலிருந்து பதினான்கு ஆடுகளை வாங்கினார். வண்டிக்காரர் ஒரே நடையில் அடைத்துவிடலாம் என்றார். "ரெண்டு நடையா போவோம், வாடகை நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டார் பெரியவர். ஆடுகள் இறங்கியபோது பட்டி வாசலில் செவலை நின்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. பைக் சத்தம் கேட்டால் அது இன்னமும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. துண்டைத் தோளில் போடும் வழக்கத்தைப் பெரியவர் விட்டுவிட்டார்.