கையுறை

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, எம் காலத்து விடுதி வாழ்க்கையைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுதுவதாகவே வாக்களித்தோம். அவற்றைப் பற்றி எம்மினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். துடுப்பாட்டத்தில் எமது பங்கு எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று கைதட்டியதோடு முடிந்தது என்பதை எம்மோடு பயின்றோர் அறிவர். ஆகவே வாக்கைச் சற்றே மீறி, சென்ற ஆண்டுகளில் எம் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு காரியத்தை இங்கே எழுதத் துணிகின்றோம். அக்காரியமும் ஈற்றில் எம்மை இக்கல்லூரியின் வாயிலுக்கே அழைத்து வந்தமையால், மலர்க்குழுவினர் பொறுத்தருள்வர் என நம்புகின்றோம்.

எம் மகளின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயின்று, 2025 ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றாள். அவளுக்கு நாம் என்ன கொடுப்பது? காரியம் இவ்வளவே.

பட்டதாரி என்ற சொல்லுக்கு எம் நாட்டில் ஒரு தனி மயக்கம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர் என்று சிறுவயதிலேயே சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஊரில் ஒரு பிள்ளை பட்டம் பெற்றால், தங்க மோதிரமோ, பார்க்கர் பேனாவோ, கைமணிக்கூடோ, வசதியுள்ள வீடாயின் வெள்ளிக் குத்துவிளக்கோ கொடுத்தல் வழக்கம். இன்று திருநெல்வேலியிற் பட்டமளிப்பு விழா நடைபெறும் நாட்களில், பல்கலைக்கழக வாயிலருகே பூச்செண்டுகளும் பஞ்சடைத்த கரடிப் பொம்மைகளும் குவிந்து கிடக்கின்றன. நாம் கண்ட கரடி கறுப்பங்கி அணிந்து, தலையிற் சதுரத் தொப்பியோடு காட்சியளித்தது. இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்குக் கரடி எதற்கு என்பது எமக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காதவற்றைக் குறைகூறும் வயதை அடைந்துவிட்டோமாதலின், இதனை இவ்வளவில் விடுகின்றோம்.

உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் எமக்கு ஐயமே இருக்கவில்லை. எம்மிடம் ஒரு மணிக்கூடு இருந்தது.

1969 ஆம் ஆண்டு நாம் பேராதனையிற் பட்டம் பெற்று, பொல்காவலையில் வண்டி மாறி ஊர் வந்து சேர்ந்தபொழுது, எம் தாய்மாமனார் அதனை எமக்கு அளித்தார். அம்மான் புகையிலைத் தோட்டக்காரர். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த கால்கள் அவருடையவை. நேரம் அறிய முற்றத்து நிழலைப் பார்ப்பாரேயன்றி, மணிக்கூட்டைப் பார்த்தறியார். அவர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கொழும்பு சென்று, புறக்கோட்டையில் ஒரு நாள் முழுவதும் அலைந்து, அந்த மணிக்கூட்டை வாங்கி, வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். அதன் விலையை அவர் சொல்லவில்லை. அவ்வாண்டுப் புகையிலை விற்ற பணத்தில் வீட்டுக்கு ஓடு போடுவதாக இருந்தவர், மீண்டும் கிடுகு கட்டிய பின்னரே நாம் விலையை ஊகித்துக்கொண்டோம்.

ஒரு போகத்து உழைப்பு அந்தச் சிறு வட்டத்துள் அடங்கிக் கிடந்தது. அதனாலேயே அதனை நாம் அணிய இயலாதவர் ஆயினோம். குளிக்கப் போனால் கிணற்றுக்கட்டில் ஒருவரைக் காவல் வைத்தோம். பஸ்ஸில் ஏறினால் மற்றக் கையால் அதனைப் பொத்திப் பிடித்தோம். சில மாதங்களில் அது அலுமாரிக்குட் புகுந்தது. அம்மான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய கண் முதலில் எம் மணிக்கட்டையே நாடும். படலை திறக்கும் ஓசை கேட்டதும் அலுமாரிக்கு ஓடுவது எம் வழக்கமாயிற்று. 1995 ஐப்பசி 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்குப் புறப்பட்ட இரவிலே, நாமும் செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த புத்தகங்களை விட்டுச் சென்றோம். அந்த மணிக்கூட்டை மடியிற் கட்டிச் சென்றோம். அம்மான் அப்பொழுது உயிரோடில்லை. ஆயினும் அவர் எதிரே வந்து மணிக்கட்டைப் பார்ப்பார் என்ற அச்சம் எம்மை விட்டு நீங்கியிருக்கவில்லை போலும்.

இத்தகைய பொருளைப் பேர்த்திக்குக் கொடுப்பதினும் சிறந்தது வேறு யாதிருக்கக்கூடும்? விழாவுக்கு ஒரு மாதத்தின் முன்னரே அதனைத் துடைத்து, புது வார் மாட்டி, அவளை அழைத்து, மேலே சொன்ன கதை முழுவதையும் சொல்லி, அவள் கையில் வைத்தோம். அவள் அதனைக் காதோடு சேர்த்து வைத்துச் சிறிது நேரம் கேட்டாள். பின்னர் மிக மெதுவாகத் திருப்பி எம் கையில் வைத்தாள்.

"அம்மப்பா, இதைக் கட்டிக்கொண்டு நான் வயலுக்குப் போகேலுமோ? துலைஞ்சால் நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியள். எனக்குத்தான் நித்திரை வராது."

பழந்தமிழர் அன்பின் அடையாளமாகக் கொண்டுசெல்லும் பொருளைக் கையுறை என்றனர். இன்றைய மாணவருக்கு அச்சொல் வைத்தியசாலையில் அணியும் உறையையே நினைவூட்டும். அகத்திணையிலே கையுறை மறுத்தல் என்றொரு துறையும் உண்டு. தலைவன் கொண்டுவந்த பூவைத் தோழி ஏற்க மறுப்பாள். குறுந்தொகையின் முதற்செய்யுளே அத்துறையினது. காந்தட்பூ எங்கள் மலையிலேயே நிறைய உண்டு என்பது அங்கே தோழி கூறும் காரணம். நாம் பல ஆண்டுகள் வகுப்பிலே இச்செய்யுளைக் கற்பித்தபொழுது, மறுக்கும் தோழியின் நயத்தையே வியந்து பேசினோம். பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனின் நிலையை எழுபத்தெட்டாம் வயதிலேதான் அறிந்தோம்.

இரண்டு நாள் எமக்கு உணவு செல்லவில்லை. மூன்றாம் நாள், அவள் சொன்னது நாம் அம்மானிடம் சொல்ல அஞ்சிய சொல் என்பது மெல்ல உறைத்தது. அத்துடன், நாம் மறந்தே போயிருந்த இன்னொரு பரிசும் நினைவுக்கு வந்தது.

1970 ஆம் ஆண்டளவிற் கலைப் பட்டதாரிகளுக்கு வேலை கிடைத்தல் அரிதாயிருந்தது. 1971 சித்திரைக் கிளர்ச்சிக்குப் படித்து வேலையற்றிருந்த இளைஞரின் மனக்கசப்பும் ஒரு காரணம் என்பர். நாமும் விண்ணப்பம் எழுதியே காலங்கழித்தோம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நற்சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள் வேண்டும். முகவரி எழுதி முத்திரை ஒட்டிய மறு உறை ஒன்று வேண்டும். பதிவுத் தபாற் செலவு வேண்டும். கையில் மணிக்கூடு உண்டு, முத்திரைக்குக் காசில்லை. ஒரு நாள் உப தபாற் கந்தோரில் நின்று, முத்திரையைக் கடனாகத் தருமாறு தபாலதிபரைக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். எமக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் எம் கல்லூரியின் கணித ஆசிரியர். அவர் பெயரை இங்கே எழுதினால் இம்மலரைப் படிப்போருட் பலர் நிமிர்ந்து உட்காருவர். ஆயினும் தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர் அவர். ஆதலால் எழுதாது விடுகின்றோம். அன்று அவர் எம்மைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு கிழமை சென்றபின் கல்லூரிக்கு வருமாறு ஆளனுப்பினார். ஆசிரியர் அறையில் ஒரு பழைய பிஸ்கற் தகரத்தை எம்மிடம் தந்தார். அதனுள்ளே ஐம்பது நீள உறைகள் இருந்தன. மெழுகுத்தாளில் மடித்த முத்திரைகள் இருந்தன. எம் நற்சான்றிதழ்களைக் கல்லூரிக் கோவையிலிருந்து எடுத்துத் தாமே தட்டச்சிற் பொறித்த பிரதிகள், சமாதான நீதவானின் கையொப்பத்தோடு இருந்தன. பசைப் போத்தல் ஒன்றும் இருந்தது. "பட்டம் எடுத்ததுக்கு நான் ஒண்டும் தரேல்லை எல்லே" என்றார். மணி அடிக்க, வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்த உறைகளுட் பதினேழாவது எமக்கு ஆசிரியப் பதவியைப் பெற்றுத் தந்தது. எஞ்சியவற்றை எம்மைப் போன்ற வேறொருவருக்குக் கொடுத்தோம். இன்று அப்பரிசிலிருந்து எம்மிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லை. அவ்வளவும் பயன்பட்டுத் தீர்ந்தமையாலேயே நாம் அதனை மறந்தோம்.

இதனைச் சொல்வதால் அம்மானைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கொள்ளற்க. அவர் கொடுத்தது தாம் காணாத ஓர் உலகத்துக்கு ஏற்ற பொருள். பட்டம் பெற்ற மருமகன் வெள்ளை உடுப்போடு நாற்காலியில் அமர்ந்து மணி பார்ப்பான் என்று அவர் எண்ணினார். கணித ஆசிரியரோ எமது மறுநாட் காலையை அறிந்திருந்தார். நாம் எதனை இரவல் கேட்கின்றோம் என்பதைக் கண்ணாற் கண்டிருந்தார். அவ்விருவரிடையே இருந்த வேறுபாடு இதுவேயன்றி, அன்பில் ஏற்றத்தாழ்வு இல்லை.

அவ்வாறாயின் எம் பேர்த்தி எதனை இரவல் வாங்குகின்றாள்? இக்கேள்வியோடு அவளைக் கவனிக்கத் தொடங்கினோம். வெட்கமான செய்தி யாதெனில், அவள் செய்யும் தொழில் எத்தகையது என்பதையே நாம் சரிவர அறிந்திருக்கவில்லை. பரீட்சை முடிந்து பட்டமளிப்பு விழா வரும்வரை, நெற்செய்கைத் திட்டமொன்றிற் கிளிநொச்சிப் பகுதியில் வேலை பார்க்கின்றாள் என்ற அளவிலே தெரியும். மேசையும் மின்விசிறியும் உள்ள கந்தோரையே நாமும் அம்மானைப் போல மனத்தில் வரைந்து வைத்திருந்தோம். அவளோ காலபோகம் முழுவதும் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களிற் சேற்றில் நின்று, பயிரின் நோயையும் பூச்சியையும் எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை விடியற்காலையில் அவள் புறப்படும்பொழுது கையில் ஒரு சாக்குப் பை இருந்தது. அதனுள் எம் மருமகனுடைய றப்பர்ச் சப்பாத்து. அது அவள் காலுக்கு இரண்டு அளவு பெரிது. முன்பக்கத்திற் பழந்துணி அடைத்து அணிவாளாம். சேற்றிற் சப்பாத்து நிற்க, கால் மட்டும் வெளியே வந்துவிடுவதும் உண்டாம். அப்பொழுது அதனைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவாளாம். இதனைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. 2024 கார்த்திகை வெள்ளத்தின் பின், மார்கழியிலே யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சில நாட்களுட் பலர் இறந்தமையை யாவரும் அறிவர். எலியின் சிறுநீர் கலந்த சேறும் நீரும் காலில் உள்ள சிறு வெடிப்பின் வழியாக நோய்க்கிருமியை உடலுக்குட் செலுத்தும். முதலிற் சாதாரண காய்ச்சலாகத் தோன்றும் நோய், பின்னர்ச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை அவள் கிழமைதோறும் விழுங்கினாள் என்பது மெய்யே. எனினும் அந்த மார்கழியில் அவள் வெறுங்காலோடு வயலில் நின்றாள். நாம் வீட்டிலிருந்து மணிக்கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

சப்பாத்து வாங்குவதென்று துணிந்தோம். கடைக்காரப் பொடியன், "ஐயா, எத்தினையாம் அளவு?" என்று கேட்டபொழுது வாயடைத்து நின்றோம். கைக்குழந்தையாய் இருந்த நாள் தொட்டு வளர்த்த பிள்ளையின் காலளவு எமக்குத் தெரியாது. கேட்டால் அறிந்துவிடுவாள். அன்று மாலை மழை தூறி ஓய்ந்திருந்தது. கிணற்றடிச் செம்மண்ணில் அவள் நடந்து போன அடி பதிந்திருந்தது. தென்னோலை ஈர்க்கொன்றைக் கிழித்து, குனிந்து, குதிகாலிலிருந்து பெருவிரல்வரை அளந்து முறித்தோம். அந்த ஈர்க்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் கடைக்குப் போனோம். பொடியன் சிரிக்கவில்லை. ஈர்க்கை வாங்கி ஒவ்வொரு சப்பாத்தினுள்ளும் விட்டுப் பார்த்து, சிறிய அளவொன்றைப் பின்கட்டிலிருந்து தேடி எடுத்துத் தந்தான்.

வீட்டிலே பெரும் போர் மூண்டது. "இஞ்சருங்கோ, பட்டம் எடுத்த பிள்ளைக்குச் செருப்பே குடுக்கிறது? சனம் என்ன சொல்லும்?" என்றாள் எம் மனைவி. பரதன் இராமனிடம் வேண்டிப் பெற்றதும் பாதுகையே அல்லவா என்றோம். அது தமையன் அணிந்த பாதுகை, அதனைத் தம்பி தலையிற் சுமந்தான். உங்கள் பேர்த்தி இதனைத் தலையிற் சுமக்கப் போகின்றாளோ என்று கேட்டாள். நாற்பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கையில் எம் இலக்கிய மேற்கோள்கள் இவ்வாறே முடிந்துள்ளன. ஈற்றிற் சமாதானமாக, ஒரு பட்டுச்சேலையை மேலே விரித்துச் சப்பாத்தை மறைத்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

விழா முடிந்து வந்த மாலையில், உறவினர் சூழ இருக்க, அவள் பொதியைப் பிரித்தாள். சேலையை எடுத்து அம்மம்மாவைக் கொஞ்சினாள். பின்னர் அடியில் இருந்ததைக் கண்டாள். யாதும் பேசவில்லை. பட்டமளிப்புச் சேலையோடே திண்ணைப் படியில் உட்கார்ந்து, இரண்டு சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு, முற்றத்திற் கிணற்றடிவரை நடந்து போய் வந்தாள். சுற்றத்தாரில் ஒருவர் அதனைப் படம் பிடித்தார். சாதனத்தைக் கையில் ஏந்தி நிற்கும் படத்தை விட்டு, அந்தப் படத்தையே அவள் தன் தொலைபேசி முகப்பில் வைத்திருக்கின்றாள் என்று அறிந்து எம் மனைவிக்கு இன்றும் கோபம்.

மணிக்கூடு அலுமாரியில் இருக்கின்றது. காலைதோறும் சாவி கொடுக்கின்றோம், நன்றாக ஓடுகின்றது. சப்பாத்து மட்டும் அரை அங்குலம் பெரிதாய்ப் போயிற்று. மழை ஈரத்திற் பதிந்த அடி சற்று நீண்டு பரந்தே காணும் என்பதை, மண்ணைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்றவளே எமக்கு விளக்கினாள். இப்பொழுது இரண்டு சோடி காலுறை அணிந்து வயலுக்குப் போகின்றாள்.