ஒரு ஜோடிக் காலணியும் ஒரு குடையும்

திரைப்படங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பார்ப்பவன் நான். அதுவும் வீட்டார் பார்க்கும்போது அருகில் அமர்ந்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விடுபவன். ஆனால், சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேத்தி, தன் மடிக்கணினியில் மூன்று ஈரானியப் படங்களை வரிசையாகக் காட்டினாள். பாரசீக மொழி; கீழே ஆங்கில வாசகங்கள் ஓடின. அவற்றைப் படித்துத் தமிழில் சொல்லும் பணியை அவளே ஏற்றுக்கொண்டாள். மூன்றில் எதிலும் நான் பாதியில் எழவில்லை. அதற்கான காரணத்தைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, மஜீத் மஜீதி இயக்கி 1997இல் வெளிவந்த ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’. தெஹ்ரான் நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பம். ஒன்பது வயது அலீ, தங்கை ஸஹ்ராவின் கிழிந்த காலணியைத் தைத்து வாங்கிக்கொண்டு வருகிறான். வழியில் உருளைக்கிழங்கு வாங்கக் கடைக்குள் நுழைகிறான். வெளியே வைத்த பொதியைப் பழைய பொருள் சேகரிப்பவர் ஒருவர் அறியாமல் எடுத்துச் சென்றுவிடுகிறார். அவ்வளவுதான் கதையின் முடிச்சு! வீட்டில் தாய் நோயாளி; வாடகையோ பாக்கி. புதுக் காலணி வாங்கத் தந்தையிடம் பணமில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பெற்றோர் எதிரிலேயே, பாடம் எழுதுவதுபோல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டி இருவரும் இரகசியம் பேசுகிறார்கள். ஸஹ்ராவுக்குக் காலையில் பள்ளி, அலீக்குப் பிற்பகலில். எனவே, அலீயின் காலணியையே இருவரும் மாற்றி மாற்றி அணிகிறார்கள். தங்கை ஓடி வந்து கழற்றிக் கொடுப்பதும், அண்ணன் மாட்டிக்கொண்டு ஓடுவதுமாக நாட்கள் செல்கின்றன.

என்னை அசையாமல் உட்கார வைத்த காட்சி எது தெரியுமா? பள்ளிவாசலில் தேநீருடன் பரிமாறுவதற்கான சர்க்கரைக் கட்டிகளை அலீயின் தந்தை வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் அவருக்குத் தேநீர் கொண்டு வருகிறாள். சர்க்கரை கேட்கிறார். எதிரே இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளிவாசலுக்கு உரியது, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்ற பொருளில் விடை வருகிறது. நீண்ட உபதேசம் எதுவும் இல்லை. அந்தத் தந்தையின் மகளல்லவா ஸஹ்ரா? தன் காலணியை வேறொரு சிறுமியின் காலில் கண்டு, அண்ணனுடன் அவள் வீடுவரை போகிறாள். அச்சிறுமியின் தந்தை பார்வையற்றவர் என்று கண்டதும், இருவரும் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடிக் காலணி. அதற்காக ஓடும் அலீ, முதலிடம் பெற்று அழுகிறான்! அந்த ஓட்டத்தை வேகம் குறைத்துக் காட்டி இயக்குநர் சற்று அதிகமாகவே நீட்டியிருக்கிறார் என்பது என் குறை. ஆனால் முடிவில், தந்தையின் மிதிவண்டியில் புதிய காலணிகள் வருவதை நாம் காண்கிறோம். கொப்புளித்த கால்களைத் தொட்டி நீரில் நனைத்துக்கொண்டிருக்கும் அலீ அதை அறியான். அந்த இடத்தில் என் குறையை மறந்துவிட்டேன்.

இரண்டாவது, அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே?’ (1987). வடக்கு ஈரானின் கோக்கர் என்னும் சிற்றூர். வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகத்தை அஹ்மத் தவறுதலாக எடுத்து வந்துவிடுகிறான். வீட்டுப் பாடத்தை அதில் எழுதி வராவிட்டால் தோழனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவதாக ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். அதைத் திருப்பித் தர, அடுத்த ஊருக்குக் குன்றேறி ஓடுகிறான் சிறுவன். தாயிடம் சொல்கிறான், அவர் காதில் ஏறவில்லை. பாட்டனாரோ, தம்மிடம் சிகரெட் இருக்கும்போதே, பேரனுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பிப்பதற்காகச் சிகரெட் எடுத்து வர அனுப்புகிறார். படம் மெதுவாகத்தான் நகர்கிறது. ஒரே பாதையில் எத்தனை முறை ஓடுவான் என்று எனக்கும் சலிப்புத் தட்டியது. ஆனால், அந்தப் பாட்டனார் பேசப் பேச, அவர் குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. அது என் குரல்தான்!

மூன்றாவது, ஜஃபர் பனாஹியின் முதல் படமான ‘வெள்ளை பலூன்’ (1995). கான் திரைப்பட விழாவில், முதல் படம் எடுப்போருக்கான ‘தங்கக் கேமரா’ விருதை அவ்வாண்டே பெற்றது. நவ்ரூஸ் புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப் புறப்பட்ட சிறுமி, பணத்தைத் தெருவோரச் சாக்கடைக் கம்பிகளுக்குள் தவறவிடுகிறாள். பலூன் விற்கும் ஆப்கானியச் சிறுவனின் கழியில் மிட்டாய்ப் பசையை ஒட்டி, நோட்டை மேலே எடுக்கிறார்கள். பணம் கிடைத்ததும் சிறுமியும் அவள் அண்ணனும் மீனுடன் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உதவிய சிறுவன், விற்காத ஒற்றை வெள்ளை பலூனுடன் தனியே நிற்கிறான், படம் முடிகிறது. “நன்றி சொல்லக்கூடத் தெரியாத பிள்ளைகள்!” என்று நான் கோபித்தேன். “அவனைக் கடைசியில் நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்தப் படமே” என்றாள் பேத்தி. நான் வாயடைத்துப் போனேன்.

மூன்று படங்களிலும் தொலைந்தது என்ன? ஒரு காலணி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பண நோட்டு. பெரியவர்களுக்கு இவை அற்பம். பிள்ளைகளுக்கோ அன்றைய உலகமே அதுதான்.

வாசகர்களே, இனி நான் சொல்லப்போவது படக்கதை அன்று. 1994ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழைக் காலம். என் மகனுக்கு வயது பத்து. அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த மடக்குக் குடை திடீரென்று காணாமற்போனது. நண்பன் இரவல் வாங்கியிருக்கிறான் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான். நாள்தோறும் நனைந்தும், மாலையில் நேரங்கழித்தும் வந்தான். பொய் வெளிப்பட்ட அன்று அவனை அடித்தேன். குடைக்காக அல்ல, பொய்க்காகவே அடிக்கிறேன் என்று நீதிபதியைப்போல் தீர்ப்பும் சொன்னேன். நல்ல தந்தையின் கடமையைச் செய்துவிட்டதாகவே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்.

படங்கள் பார்த்த மறுநாள், துபையில் பணிபுரியும் அவனைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் குடை எப்படித் தொலைந்தது என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தான்.

“இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள், வாப்பா” என்றான்.

பேருந்தில் மறந்து வைத்துவிட்டானாம். பள்ளி விட்டதும் மூன்று நாட்கள் பேருந்துப் பணிமனைவரை நடந்தே போய் விசாரித்தானாம். நேரங்கழித்து வந்தது அதனால்தான். அதற்கும் நான் ஏசியிருக்கிறேன். “நீங்கள் அடித்தது நினைவில் இல்லை வாப்பா. நனைந்த புத்தகங்களை லாத்தா இரவில் அடுப்படியில் வைத்து உலர்த்தித் தந்தது மட்டும் நினைவிருக்கிறது” என்றான்.

அந்த லாத்தாதான் என் பேத்தியின் தாய். அவளிடம் கேட்டேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்று தம்பி சத்தியம் வாங்கியிருந்தான் என்றாள். ஒரே கூரையின் கீழ் என் பிள்ளைகள் இருவரும் ஓர் அலீயாகவும் ஸஹ்ராவாகவும் வாழ்ந்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை.

பொய்யை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. ஆனால், பிள்ளை நம்மிடம் பொய் சொல்வதற்கு முன், உண்மையைச் சொல்ல அஞ்சியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை நேரங்கழித்து வந்தால், ஏன் தாமதம் என்று அதட்டுவதற்கு முன், எங்கே போய் வந்தாய் என்று அருகில் அமர்த்திக் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.