மறுத்தவர் பட்டியல்

இருதய நோயை இரத்தக் குழாயின் நோயாக மட்டுமே காண்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். அடைப்பு நீங்கினால் ஆபத்தும் நீங்கியது என்று கருதுகின்றோம். அதன்பின் நோயாளி வாடிக் கிடந்தால், மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்னும் உபதேசமே மருந்தாகிவிடுகின்றது.

உண்மை வேறு. மாரடைப்பிலிருந்து மீண்ட 222 பேரைக் கனடாவின் மொன்றியல் நகரில் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1993இல் வெளியாயிற்று. கடும் மனச்சோர்வு கொண்டோர் ஆறு மாதத்துள் மரணமடையும் அபாயம் ஏனையோரினும் பல மடங்கு மிக்கதென அது கண்டது. சோர்வுற்றவன் மாத்திரையைத் தவறவிடுகின்றான், நடையைக் கைவிடுகின்றான், பதகளிப்பு அவன் உறக்கத்தைப் பறிக்கின்றது. எனினும், சோர்வைத் தீர்த்தால் ஆயுள் நீளுமா? அமெரிக்காவில் 2,481 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2003இல் முடிவு வெளியான பேராய்வு, உளச்சிகிச்சையால் சோர்வு ஓரளவு தணிந்ததையும், மரணமோ மறு மாரடைப்போ குறையாததையும் காட்டிற்று. ஆகவே ஆராய்ச்சி மேலும் வேண்டும். ஆராய்ச்சிக்கு மனிதர் வேண்டும். எந்த மனிதர்?

சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்புற்று நான் வைத்தியசாலையில் இருந்தபோது, இத்தகைய ஆய்வொன்றுக்குச் சம்மதம் கேட்டு இளம் வைத்தியர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் பத்திரத்தை வாசித்துக் கையொப்பமிட்டேன். பக்கத்துக் கட்டிலில், சந்தையில் மூட்டை சுமக்கும் ஒருவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். இரவில் அவர் உறங்குவதில்லை. வீட்டார் கொணர்ந்த சோற்றையும் தொடுவதில்லை.

"மாசா மாசம் கிளினிக்குக்கு வரச் சொல்லுறியள். அண்டைக்குக் கூலியை ஆர் தருவினம், ஐயா? என்னைப் பற்றி எழுதி என்ன வரப்போகுது?" என்றார் அவர்.

'மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு வைத்தியர் அடுத்த கட்டிலுக்குச் சென்றார்.

அவ்விரு வினாக்களில் முதலாவது வறுமையின் குரல்; இரண்டாவது நோயின் குரல். எவரை அறிவதற்கு ஆய்வு நடந்ததோ, அவரே அதற்கு வெளியே நின்றார். அன்று அவ்விடுதியில் கையொப்பமிட்டோர் பெரும்பாலும் என்னைப்போல் எழுத்தறிவும் ஓய்வும் நம்பிக்கையும் உடையோர். எங்களை அளந்து பெற்ற கணக்கை அவருக்கும் பொருத்துவது விஞ்ஞானமாகுமா?

இதற்குப் பரிகாரம் வற்புறுத்தல் அன்று. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய பிரகடனம், மறுக்கும் உரிமையை நோயாளிக்கு உறுதிசெய்கின்றது. அவ்வுரிமை ஏழைக்கே முதலில் வேண்டும். ஆனால், இழந்த நாட்கூலியையும் பஸ் கட்டணத்தையும் ஈடுசெய்தல் வற்புறுத்தல் ஆகாது. வீடு தேடிச் செல்லுதலும், அவர் பேசும் மொழியில் விளக்குதலும், சோர்வு தணிந்தபின் மீண்டும் ஒருமுறை கேட்டலும் வற்புறுத்தல் ஆகா. ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிடினும் அவரது சோர்வுக்குச் சிகிச்சை அளிப்பது இவை எல்லாவற்றிற்கும் முந்திய கடமை.

மாணவ நண்பர்களே, நாளை உங்களிற் சிலர் வினாக்கொத்தைக் கையிலேந்தி விடுதிகளுக்குச் செல்வீர்கள். சம்மதித்தோர் தொகையை மட்டும் எண்ணி வராதீர்கள். எத்தகையோர் மறுத்தனர் என்பதையும், சொல்ல விரும்பினால் ஏன் மறுத்தனர் என்பதையும் எழுதி வாருங்கள். உழைக்கும் மக்களை விலக்கிவைத்துவிட்டு அவர்களது நோயை அறிந்துவிட முடியாது.