லிஸ்பனில் கடைசி மூன்று நாட்கள்

போன வருஷம் ஜெர்மனியில் இருக்கும் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். ஊர் திரும்புவதற்கு முன்னால், "நீங்க ரெண்டு பேர் மட்டும் ஒரு வாரம் எங்கேயாவது போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லி லிஸ்பனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். மகனிடம் இதைக் கேட்டதே என் வீட்டம்மாதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். நாங்கள் வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. சாவியைக் காட்டி "ஷாவ்" என்றார். ஜன்னலைத் திறந்து "ஜனேலா" என்றார். மேசையைத் தட்டி "மேஸா" என்றார். துணி வைக்க "அர்மாரியு". என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னங்க, இந்தம்மா பாதி தமிழ்தான் பேசறாங்க!"

உண்மைதான். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, அன்னாசி எல்லாமே போர்ச்சுகீசியர்கள் கப்பலில் வந்து நம் வாயில் விட்டுப்போன சொற்கள். அது மட்டுமல்ல. தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இதே லிஸ்பனில்தான், 1554-ல். ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சடித்த 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வந்தது 1578-ல். இதையெல்லாம் நான் விளக்க ஆரம்பித்ததும் அவள் காபி போட எழுந்து போய்விட்டாள்.

நான் தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன். மணி பார்த்துப் பை கட்டிப் பழகிய கை. எந்த ஊருக்குப் போனாலும் சட்டைப் பையில் பட்டியல் இருக்கும். லிஸ்பனிலும் முதல் நான்கு நாட்கள் அப்படித்தான் ஓடின. பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயம். 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே 1837-லிருந்து முட்டைக் கஸ்டர்டு பேஸ்ட்ரி சுடும் கடை. நின்றபடியே ஆளுக்கு ஒன்று. மஞ்சள் நிற 28-ம் நம்பர் டிராமில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு ஒரு சுற்று. நான் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள். கால் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகிவிட்டவை. நல்ல முழங்கால் உள்ளவனே யோசித்துத்தான் கால் வைக்க வேண்டும்.

நான்காம் நாள் அல்ஃபாமா பகுதியில், சந்தும் படியுமாக ஏறிக்கொண்டிருந்தோம். மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணோம். இறங்கி வந்து தேடினால் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. அவளிடம் போன் கிடையாது, இரண்டு போனும் என் பையில். இருபது நிமிஷம் அலைந்திருப்பேன். வியர்த்துக் கொட்டிவிட்டது. கடைசியில் ஒரு வீட்டு வாசலில், யாரோ ஒரு பாட்டி போட்டுக்கொடுத்த முக்காலியில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர்.

"கூப்பிடக் கூடாதா?" என்று கத்தினேன்.

"கூப்பிட்டேன். முப்பத்தேழு வருஷமா உங்க முதுகைப் பார்த்துத்தானே நடக்கிறேன். இன்னிக்குத்தான் அது கண்ணை விட்டு மறைஞ்சுபோச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னவோ செய்தது. திருச்சியில் மலைக்கோட்டை ஏறும்போதெல்லாம் நான் தாயுமானவரைக் கும்பிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டு நின்றதெல்லாம் ஞாபகம் வந்தது.

மறுநாள் ரயிலேறி சிந்த்ரா அரண்மனைக்குப் போவதாகத் திட்டம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. போகவில்லை. பட்டியலை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

அப்புறம் இருந்த மூன்று நாட்களும் ஒன்றுமே செய்யவில்லை. காலையில் தாமதமாக எழுந்து, பைஷா பகுதியில் நடந்தோம். 1755 நவம்பர் 1-ம் தேதி வந்த பெரிய பூகம்பத்தில் அழிந்து, மறுபடி நேர் நேரான தெருக்களாகக் கட்டிய பகுதி அது. சமதரை. அவள் நடைக்கு நான் நடந்தேன். சந்தையில் கொத்தமல்லிக் கட்டைப் பார்த்ததும் அவள் வாங்கிவிட்டாள், ராத்திரி ரசம். ஒரு சின்ன ஓட்டலில் பட்டைத் தூள் தூவிய அரிசிப் பாயசம் கிடைத்தது. இரண்டு நாளும் அங்கேயே சாப்பிட்டோம். எஷ்ட்ரெலா பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து, வாத்துகளையும் பேரப் பிள்ளைகளோடு வந்த தாத்தா பாட்டிகளையும் பார்த்துக்கொண்டே ஒரு முழு மத்தியானம் போயிற்று.

அந்த பெஞ்சில்தான் அவள் சொன்னாள். இரண்டு முழங்காலையும் மாற்ற வேண்டும் என்று திருச்சி டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறதாம். என்னிடம் "மாத்திரை கொடுத்திருக்கார்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவளுடைய அக்காவுக்கு அதே ஆபரேஷன் ஆகி, பழையபடி நடக்க முடியாமலே போனது. அந்தப் பயம். "அதுக்கு முன்னாடி, என் சொந்தக் காலிலே, உங்களோட ஒரு ஊர் பார்க்கணும்னு தோணிச்சு. அதான் பிள்ளைகிட்ட கேட்டேன்."

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருஷம் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறேன். அவள் மாடிப்படி ஏறுவதை நிறுத்தியதுகூடக் கண்ணில் படவில்லை. உட்கார்ந்தால்தானே பேச்சு வரும்? நான் எங்கே உட்கார்ந்தேன்!

கடைசி நாள் சாயங்காலம் தேஜோ ஆற்றைப் படகில் கடந்து அக்கரை போனோம். பத்து நிமிஷப் பயணம். கோடைகாலமாதலால் மணி ஒன்பது ஆகியும் வெளிச்சம் போகவில்லை. சிவப்பு நிறத் தொங்கு பாலத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை இருந்தோம். அடுத்த படகு எப்போது என்று நான் கேட்கவில்லை. "ஊருக்குப் போனதும் ஆபரேஷனுக்கு நாள் பார்த்துடலாம். நான் கூடவே இருக்கேன்" என்றேன். "பார்ப்போம்" என்றாள். அவள் 'பார்ப்போம்' என்றால் சம்மதம் என்று அர்த்தம். அதாவது எனக்குத் தெரியும்.

வயதான காலத்தில் வெளியூர் போகும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைசி இரண்டு மூன்று நாளைப் பட்டியலில் எழுதாமல் விடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து இப்போது இரண்டு மாதம். வாசலிலிருந்து கொல்லைவரை வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போகிறாள், விழுந்துவிடுவாளோ என்று நான் பின்னாலேயே போகிறேன். நேற்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "ஏங்க, பின்னாடி வந்து பயமுறுத்தாதீங்க. பக்கத்திலே வாங்க."