மேற்கே இருந்து வந்த தண்ணீர்

2023 டிசம்பர் 17, ஞாயிறு

புன்னைக்காயலில் மழை விட்டபாடில்லை. காலைப் பூசைக்குப் பாதிக் கூட்டம்கூட வரவில்லை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி என்கிறது டிவி. புயல் இல்லையாம். கரைக்குப் போய் வந்த மாமா, "கடலப் பாத்தா பயப்பட ஒண்ணுமில்ல. வள்ளத்த மட்டும் ஏத்திப் போட்டாச்சு" என்றார்.

டிசம்பர் 18

கரண்ட் இல்லை. செல்லில் டவர் இல்லை. ஆறு இரைகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது.

டிசம்பர் 20

எழுதினால்தான் மனசு நிற்கும் போலிருக்கிறது.

தண்ணீர் வந்தது கிழக்கே கடலிலிருந்து இல்லை, மேற்கே ஆத்தூர்ப் பக்கமிருந்து. முற்றத்தில் ஏறியபோதே அத்தை குனிந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். "உப்பில்ல ஏளா. ஆத்துத் தண்ணி." அதைக் கேட்டதும்தான் எனக்கு வயிறு கலங்கியது. சுனாமி அன்றைக்கு ஊரே மேற்கே பார்த்து ஓடியதாகச் சொல்வார்கள். இப்போது அந்த மேற்கிலிருந்தே வருகிறது, எங்கே ஓட?

தாரோடு வாழைகள், குலையே வெட்டாமல், வேர்மண் கழுவப்பட்டு, எங்கள் தெருவில் மிதந்து கடலுக்குப் போயின. யாரோ ஒரு விவசாயியின் ஒரு வருஷப் பாடு. பின்னாலேயே ஒரு பீரோ கதவு, கண்ணாடியோடு.

தெருவுக்குள் பைபர் படகைக் கொண்டுவந்தது ஊர்ப் பையன்கள்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். அத்தை ஏற மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்கள். "மைனி, ஒங்க பேரனுக்காவது ஏறுங்க" என்று எதிர்வீட்டு மாமி கெஞ்சிய பிறகுதான் கையை எடுத்தார்கள்.

டிசம்பர் 21

இன்று மேலே ஹெலிகாப்டர் போனது. மகன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டான்.

படகில் வந்தவர்கள் சொல்லித்தான் வெளிச்சேதி தெரிகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டராம். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. செந்தூர் எக்ஸ்பிரஸில் போன 800 பேர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார்களாம். ஏரல் முழுகிவிட்டது. மேலே பெய்ததெல்லாம் கடைசியில் முகத்துவாரத்துக்குத்தானே வரவேண்டும்! முகத்துவாரத்தில்தான் நாங்கள் இருக்கிறோம்.

டிசம்பர் 23

குடிதண்ணீர், குடிதண்ணீர். வேறு பேச்சில்லை.

டிசம்பர் 25

சேறு கழுவிய கோவிலில் பூசை. புதுத்துணி ஒருவருக்கும் இல்லை. நிவாரணத்தில் வந்த நைட்டியோடு நின்று பாடினோம். ஏனோ, இத்தனை வருஷத்தில் இவ்வளவு சத்தமாக நான் பாடியதில்லை. மத்தியானம் எல்லாருக்கும் ஒரே அண்டாவில் சோறு.

டிசம்பர் 29

கோபம் அடங்கவில்லை. ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறார்கள், நல்லது. ஆனால் ஆற்றில் லட்சம் கனஅடிக்கு மேல் வந்ததே, அது எங்களுக்கு எப்போது தெரிந்தது? வாசலுக்கு வந்தபோதுதான். அணை திறந்தால் ஆற்றங்கரைக்காரர்களுக்கு அறிவிப்பு. புயலென்றால் தூத்துக்குடித் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், நாங்களும் வள்ளத்தை ஏற்றுவோம். பாபநாசத்தில் மதகு தூக்கினால் புன்னைக்காயலில் எந்த வள்ளத்தைக் கட்ட வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்வது? எங்களை மீன்பிடிக்கிறவர்களாக மட்டுமே எல்லாரும் பார்க்கிறார்கள். நாங்களும் தாமிரபரணிக்காரர்கள்.

2024 ஜனவரி 7

மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கொற்கை, பாண்டியர் துறைமுகம். "கொற்கைல கடலே இல்லையேம்மா?" என்றான். ஆறு மண்ணைக் கொண்டுவந்து தள்ளத் தள்ளக் கடல் விலகியது, துறைமுகம் பழையகாயலுக்கு வந்தது, அதுவும் தூர்ந்தது என்றேன். "அப்போ நம்ம ஊரு?" நம்ம ஊரும் ஆறு கொண்டுவந்த மண்தான்டா என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கடியில் இன்னும் காயாமல் கிடந்த வண்டலை வாரப் போனேன்.

ஜனவரி 12

கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். தூத்துக்குடியில் வாடகைக்குப் பார்க்கலாமா என்கிறார். மாமாவோ கொத்தனாரை வரச்சொல்லி, தரையை இரண்டடி உயர்த்த எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் விசாரியுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.