மூன்றாம் முறை சுமந்த சாக்கு

கட்டபெட்டில் அஸருக்குப் பின் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்வரிசை வீடுகள்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படியொரு மாலையில், ஓத வந்த பிள்ளைகள் எல்லோரும் கலைந்த பின்னர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் மட்டும் நின்றான். தன் பள்ளிக்கூட நோட்டை நம்மிடம் நீட்டி, "ஹஜ்ரத், இதைப் படிச்சிட்டு நான் செஞ்சது பாவமான்னு சொல்லுங்க" என்றான்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, அவற்றைக் குறித்துப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் செய்கின்றனர். இவனுடைய ஆசிரியர் ஒருபடி மேலே சென்று, நீங்களே ஒரு குறும்படம் எடுங்கள் என்று கூறியிருக்கிறார். கைப்பேசியில் நான்கு நிமிடப் படம். எடுத்த அனுபவத்தைத் தனியே எழுதித் தரவும் வேண்டும்.

நமக்கு முதலில் எழுந்தது சலிப்பே. யாஸீன் பாடமாகாத பிள்ளைக்குப் படம் எதற்கு என்று எண்ணினோம். நிழற்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டு ஆலிம்களில் பலர் இன்றும் அதில் இறுக்கமானவர்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்து 1935இல் மறைந்த ஷேக் முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்களோ, கேமரா உருவத்தைப் படைப்பதில்லை, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்துகிறது என்று கூறி அதனை அனுமதித்தார்கள். அவன் அதைத்தான் கேட்க வருகிறான் என்று நினைத்து விடையோடு ஆயத்தமாக இருந்தோம். நோட்டில் இருந்தது வேறு.

அவனுடைய நன்னி, வீட்டை ஒட்டிய சிறிய தோட்டத்தில் கொழுந்து கிள்ளி, மாலையில் சாக்கில் கட்டி, எடை போடும் இடத்துக்குச் சுமந்து செல்பவர். அதுதான் படம். முதல் நாளே இடறல். பக்கத்துத் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்த பெண்மணி, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "என்னைப் புடிக்காதே தம்பி" என்றிருக்கிறார். அதற்குள் அவர் முகம் பதிவாகிவிட்டது. எடுத்தவற்றிலேயே அழகான காட்சி அதுதானாம். அழித்துவிட்டான். 'சூரா நூர் பாடத்தில் ஹஜ்ரத் சொன்னது நினைவுக்கு வந்தது' என்று எழுதியிருந்தான். பிறர் வீட்டினுள் நுழைய அனுமதி கேட்க வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. அந்தப் பாடத்தை நாம் ஆண்டுதோறும் கதவைத் தட்டிக் காட்டித்தான் நடத்தி வருகிறோம். கைப்பேசியும் ஒரு வாசல் என்று நமக்குத் தோன்றியதேயில்லை.

அடுத்த பக்கத்தில்தான் விஷயம். நன்னி சாக்கைச் சுமந்து மேடேறும்போது பனி மூடிக் காட்சி மங்கிவிட்டது. மறுபடி நடக்கச் சொன்னான். இரண்டாம் முறை குறுக்கே ஒரு ஜீப். மூன்றாம் முறை பாதி மேட்டில் நன்னி சாக்கை இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கல்லில் அமர்ந்துவிட்டார். 'நான் பனி விலகியதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்னிக்கு மூச்சு வாங்கியதைத் திரையில் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்' என்று எழுதி, இரண்டு வரி அடித்திருந்தான்.

நடந்ததைத் திரும்ப நடிக்கச் சொல்வது பொய்யாகுமா என்பதே அவன் ஐயம் என்று முதலில் எண்ணிக்கொண்டோம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரஸ்தமியின் முதல் குறும்படம் 1970இல் வெளிவந்தது. ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன் சந்தில் ஒரு நாயைக் கண்டு அஞ்சி நிற்பான். அவ்வளவுதான் கதை. பின்பு 1987இல், தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட தோழனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு அலையும் சிறுவனைப் படமாக்கினார். அமானிதம் பற்றி நாம் ஒரு மணி நேரம் பேசினாலும் பிள்ளைகள் மனத்தில் அப்படிப் பதியுமா என்பது ஐயமே. அவையெல்லாம் நடிப்புதாம், பார்ப்பவரும் அதை அறிவார், யாரும் ஏமாறுவதில்லை என்று விளக்கத் தொடங்கினோம்.

அவன் தலையசைத்தான். "அது இல்ல ஹஜ்ரத். மூணு தடவ சுமக்க வச்சேனே."

நாம் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஹக்குல் இபாத் பாடத்தை நினைவூட்டினோம். அடியாருக்குச் செய்த குறையை அந்த அடியாரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும். "நன்னிகிட்டே கேட்டியா?" என்றோம். இல்லை என்றான்.

மறுநாள் வந்து சொன்னான். படத்தை நன்னியிடம் போட்டுக் காட்டினானாம். அவர் பேரனைக் கோபிக்கவில்லை. படத்தை மட்டும் நிறுத்தச் சொல்லி, "என் முதுகு இவ்வளவா கூனிப்போச்சு?" என்று கேட்டாராம். தம் முதுகை அவர் வேறெப்படிப் பார்த்திருக்க முடியும்?

கல்லில் அமர்ந்த காட்சியை நீக்கட்டுமா என்றதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். வகுப்பில் கைதட்டினார்களாம். அதைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை.

இப்போதெல்லாம் மாலைப் பாடத்திற்கு அவன் பத்து நிமிடம் தாமதமாகவே வருகிறான். சட்டைத் தோளில் ஈரமும் இலைத் துணுக்குகளும் ஒட்டியிருக்கும். நாம் காரணம் கேட்பதில்லை. அவன் வரும்வரை மற்றப் பிள்ளைகளை முந்தைய பாடத்தை மீண்டும் ஓதச் சொல்கிறோம்.