படம் பார்க்கும் முன் எழுதிப் பார்

“எந்த டைரக்டரிடம் அசிஸ்டென்டாகச் சேரலாம்?” சினிமா ஆசையோடு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். சேர்வது இருக்கட்டும். சேரும்வரை தினமும் என்ன செய்கிறாய்?

சத்யஜித் ராய் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். அந்த நாளில் அவருக்கு ஒரு பழக்கம். ஏதோ ஒரு நாவல் படமாகப் போகிறது என்று தெரிந்தால், அதற்குத் தானே ஒரு திரைக்கதை எழுதிவைப்பார். படம் வந்ததும் போய்ப் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுவார். 1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் படம் எடுக்க வங்காளம் வந்தபோது, லொகேஷன் தேடக் கூடவே அலைந்தார்.

நீயும் அப்படி எழுதி ஒப்பிடலாம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை எடுத்துப் படி. அதை வித்தாக வைத்துத்தான் மகேந்திரன் 1979-இல் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். படத்தைப் பார்க்காதே. முதலில் உன் திரைக்கதையை எழுது. எந்த இடத்தில் தொடங்குவாய், யார் முகத்தைக் காட்டுவாய், எங்கே வசனம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக முடிவு செய். அப்புறம் படத்தைப் போடு. ஆற்றங்கரையில் முடியும் அந்தக் கடைசிக் காட்சிக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று யோசி. நீ பக்கம் பக்கமாக வசனம் எழுதிய இடத்தில் அவர் சும்மா இருந்திருப்பார். அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர முடியாது தம்பி, எழுதியவனுக்குத்தான் அது உறைக்கும்.

ராய் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’ படத்துக்கு முறையான திரைக்கதைக் கட்டு கிடையாது. காட்சி காட்சியாக வரைந்த படங்களும் குறிப்புகளும்தான். 1952-இல், நாணல் பூத்த வெளியில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு வருடம் பூக்கும்வரை அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தார் ராய். வேண்டியது என்னவென்று தெரிந்தவனால்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

அசிஸ்டென்டாகச் சேர்ந்தபின் கிளாப் அடி, கன்டினியூட்டி எழுது, எல்லாம் நல்லதே. ஆனால் ஷூட்டிங் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதே. அனுமதி கேட்டு எடிட்டிங் அறையில் ஓர் ஓரமாக உட்கார். எடுக்காமல் விட்ட ஷாட் எது என்பது அங்கேதான் தெரியும்.

இன்று ராத்திரியே ஒரு கதையை எடு. எழுதி முடித்ததும் கொண்டு வா, உட்கார்ந்து பேசுவோம்.